வெளியே தொலைந்த கையுறை

பத்மநாதன் அண்ணை பேனையின் மூடியைப் பல்லால்தான் கழற்றுவார். கழற்றிய மூடியைக் கையில் எடுக்கமாட்டார். எழுதி முடியும்வரை அது வலது கடைவாயில் நிற்கும். காலையில் சவுத் ஹரோவில் 487 பஸ் ஏறி, பின்பக்கம் சூடு வரும் இருக்கையைப் பிடித்து, யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகையை மடியில் விரிப்பார். சுட்டுவிரல் நகத்தால் வரிகளைத் தடவிக்கொண்டு போவார். இரண்டு சொல் சேர்ந்த ஆங்கில வினை ஒன்று அகப்பட்டதும் நகம் நிற்கும். அதன் கீழ் நகத்தாலேயே ஒரு கோடு கீறுவார். பேனையால் கீறினால் அடுத்து வாசிக்கிறவனுக்கு இடைஞ்சலாம். பிறகு சட்டைப் பையிலிருந்து இறப்பர் வளையம் போட்ட சிவப்புக் கொப்பி வெளியே வரும். மேலே திகதி, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், கீழே ஒரு வசனம். அந்த வசனத்தை யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி மூன்று தரம் மெல்லச் சொல்வார். மூன்றாவது தரத்தில் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் புகார் படிந்துவிடும். அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, மூடியைப் பல்லிலிருந்து எடுத்து 'டிக்' என்று பேனையில் பொருத்துவார்.

அந்த வசனங்களில் வருகிறவர்கள் எல்லோரும் எங்களுடன் வேலை செய்கிறவர்கள். பாடப்புத்தகத்து ஜோனும் மேரியும் அவருடைய கொப்பிக்குள் வந்ததேயில்லை. 'ஜெராட் கேவ் அப் சிகரெட்.' 'செபமாலைமுத்து ப்ரோக் டவுன் இன் சில்லர்.' சில்லர் எங்கள் குளிரறை. தெரிந்த ஆளைப் பற்றி எழுதினால்தான் சொல் மனதில் நிற்கும் என்பார். ஜெராட் சிகரெட்டை விட்டதுமில்லை.

நாங்கள் வேலை செய்தது பார்க் ரோயலில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில். பாண் துண்டுகள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். பத்மநாதன் அண்ணை முட்டை. பதின்மூன்று வருடமாக முட்டைக் கலவையை அள்ளிப் பாணில் பூசுகிறவர். ஒரு துண்டுக்கு எவ்வளவு என்பதை அவர் கை தராசைவிடச் சரியாகச் சொல்லும். அவருக்குப் பக்கத்தில் நின்று தக்காளி அடுக்குவது என் வேலை. ஊரில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையின் மனேஜராக இருந்தவர். இங்கே ஐம்பத்தேழு வயதில் வெள்ளைத் தொப்பி. எங்கள் எல்லோருக்கும் வெள்ளை. நீலத் தொப்பி சுப்பவைசருக்கு மட்டும். நீலத் தொப்பிக்காரர் உணவைத் தொடமாட்டார். கையில் அட்டை வைத்துக்கொண்டு நிற்பார்.

பஸ்ஸில் நான் ஏதாவது கவிதைத் தொகுப்பு வாசித்துக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்துத்தான் என்னிடம் சொற்களைக் கேட்கத் தொடங்கினார். "இவ்வளவு சின்ன வரியளை இவ்வளவு நேரம் வாசிக்கிற ஆளுக்குச் சொல்லு தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் அதிகம் பேசாதவன். பேசாதவனை எங்களுடைய ஆட்கள் நல்லவன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு பெப்ரவரிக் காலையில் கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி கௌசிக், இது சரியோ பாரும்."

'லூஸ் அவுட்' என்று இடப்பக்கத்தில் இருந்தது. வலப்பக்கத்தில் 'வெளியே தொலை.' கீழே: 'ஐ லூஸ் அவுட் மை க்ளவ்.'

"கையுறை வெளியிலை எங்கையோ தொலைஞ்சுபோச்சு எண்டு எழுதினனான்."

"இல்லை அண்ணை. சாமான் தொலையிறதுக்கு லூஸ் மட்டும் காணும். லூஸ் அவுட் எண்டால் வேறை. உங்களுக்கு வர இருந்தது வராமல் போறது."

"வர இருந்ததோ? அப்ப அது கையிலை இருக்கேல்லை."

"இருக்கேல்லை."

"கையிலை இல்லாததை எப்பிடித் தொலைக்கிறது?"

"தொலைக்கிறேல்லை அண்ணை. மற்றவைக்குக் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது."

அவர் மூடியைக் கடைவாயில் ஒருமுறை புரட்டினார். "தொலைச்சால் தேடலாம். உதைத் தேட ஏலாது, என்ன?"

"ஏலாது."

"இங்கிலிசுக்காரன் சரியான ஆள் தம்பி. வராததையும் தன்ரை எண்டு எழுதி வைச்சிருக்கிறான்."

எது கிடைக்காமல் போனதோ அதை 'ஒன்' என்ற சிறுசொல் போட்டுச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொல்ல இன்னொரு சிறுசொல் இருக்கிறது, 'டு'. அதைச் சொல்ல முன் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. கையுறை வசனத்தின் மேல் அவர் ஒரு கோடு இழுத்தார். கிழிக்கவில்லை. பிழையான வசனமும் கிடக்கட்டும், பிறகு பார்த்துச் சிரிக்கலாம் என்றார்.

அன்றைக்கு மத்தியானமே அதைப் பாவித்தும் பார்த்தார். கோடை லீவுப் பட்டியலில் ஓகஸ்ட் முழுவதும் நிரம்பிவிட்டிருந்தது. சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும், "ஐ லூஸ் அவுட் ஒன் ஓகஸ்ட்" என்றார். சரியான வசனம். ஆனால் அந்தச் சொல்லின் கடைசி ஒலி எங்கள் வாயில் அதிராது. ஆங்கிலத்தில் இழப்பதும் தமிழில் லூசும் ஒன்றாகவே கேட்கும்.

"என்னது, லூசு அவுட்டோ?" என்று ஜெராட் கையிலிருந்த கரண்டியை வைத்தான். ஜெராட் எங்கள் பட்டியில் பெட்டி மூடுகிறவன், வாய் மூடாதவன். "எட, இவ்வளவு நாளும் உள்ளுக்கை இருந்த லூசு இண்டைக்குத்தான் வெளியிலை வந்திருக்குது!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் லூஸ் அவுட் அண்ணை. தமிழ் தெரியாத ரூமேனியப் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுதான் பெயர் என்று நினைத்தார்கள். அவரும் சிரித்தார். "சிரிக்கட்டும் தம்பி. அவங்களுக்கும் ஒரு சொல்லுப் பாடமாகுதெல்லோ" என்றார் திரும்பும் பஸ்ஸில்.

மார்ச் மாதம் எங்கள் சுப்பவைசர் போலந்துக்குத் திரும்புவதாகச் சொன்னாள். நீலத் தொப்பிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் கடதாசி ஒட்டினார்கள். மறுநாள் பஸ்ஸில் அவர் பத்திரிகையை விரிக்கவில்லை.

"எனக்கு உது கட்டாயம் தேவை தம்பி."

"ஏன் அண்ணை?"

"கம்சிகாவுக்குச் சம்பந்தம் சரிவந்திட்டுது." கம்சிகா அவருடைய ஒரே மகள், மருந்துக்கடை ஒன்றில் வேலை. "பொடியன் ரதீசன், ஹரோவிலைதான். தேப்பன் குகநாதன் எண்டு, கவுன்சிலிலை என்ஜினியர். போன கிழமை போனிலை கேட்டார், நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு."

"என்ன சொன்னியள்?"

"சுப்பவைசர் எண்டு சொல்லிப்போட்டன்." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வாய் வந்திட்டுது. ஊரிலை மனேஜரா இருந்த வாய் தம்பி, முட்டை பூசிறன் எண்டு சொல்ல வரேல்லை. ஜூனிலை எழுத்து. அதுக்குள்ளை நீலத் தொப்பி வந்திட்டால் அது பொய்யில்லை. கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை."

கல்யாணப் பதிவை நாங்கள் எழுத்து என்போம். ஜூனுக்கு மூன்று மாதம் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் இன்டர்வியூப் பயிற்சி. நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். பிழையை நான் திருத்துவேன். முதல் கிழமையிலேயே நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரப் பயணம் இருந்தது.

அவருக்கு இன்டர்வியூ ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை முகம் முழுக்கச் சிரிப்போடு ஏறினார்.

"கடைசியிலை 'வேறை ஏதும் சொல்ல இருக்கோ' எண்டு கேட்டவை. நான் விட்டன் ஒண்டு. 'இப் யூ டோன்ட் கிவ் மீ, கம்பனி வில் லூஸ் அவுட்.'"

"அப்பிடியே சொன்னனியளோ?"

"அப்பிடியே. அந்தப் பொம்பிளை மனேஜர் சிரிச்சவ. சந்தோசமாச் சிரிச்சவ."

நல்லது என்றேன். வெள்ளிக்கிழமை எனக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும், பஸ்ஸில் வரமாட்டேன் என்றும் சொன்னேன். "பல்லைக் கவனியும் தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை அதே அறையில் அதே இரண்டு மனேஜர்களும் இருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் அந்தப் பெண், "நீங்கள் எங்களை மிரட்ட மாட்டீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டு மற்றவரைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பட்டியில் பெரிய ஆபத்து எது என்று கேட்டார்கள். மொழி என்றேன். ஒருவர் தன் கையுறை கலவைக்குள் விழுந்துவிட்டதை அறிவிக்க வருகிறார் என்று வையுங்கள், 'ஐ லூஸ் அவுட் மை க்ளவ்' என்கிறார், அது உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று யாருக்குத் தெரியும், பட்டியை நிறுத்துவதா விடுவதா என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. தேவைப்படவுமில்லை. அந்தப் பெண் குனிந்து அதை எழுதிக்கொண்டாள். "குட் எக்ஸாம்பிள்" என்றாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு மின்னஞ்சல் வந்தது. அவருக்குத் தபாலில் கடிதம். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். சூடு வரும் இருக்கையில் எனக்கு இடம் விட்டார்.

"பல்லு சுகமோ தம்பி?"

"சுகம் அண்ணை."

ஒரு பக்கத்தை மட்டும் விரித்து என் மடியில் வைத்தார். 'யூ ஹாவ் லொஸ்ட் அவுட் டு அனதர் கன்டிடேட்' என்ற வரியில் நகத்தை ஊன்றினார்.

"லொஸ்ட் அவுட் விளங்குது. வர இருந்தது வரேல்லை. இந்த 'டு' என்னத்துக்கு?"

"அது சும்மா ஒரு சொல்லு அண்ணை. அர்த்தம் இல்லை."

"வடிவாப் பாரும். அதுக்குப் பின்னாலை ஆற்றையும் பேர் வராதோ?"

"வராது. கடிதத்திலை அப்பிடித்தான் எழுதுவினம்."

"ஓ" என்றார். கடிதத்தை நான்காக மடித்தார். அன்றைக்குப் பேனையை எடுக்கவில்லை. யன்னல் கண்ணாடி நாங்கள் இறங்கும்வரைக்கும் தெளிவாகவே இருந்தது.

பத்து மணிக்கு வேலையை நிறுத்தி எங்களைக் கூட்டமாக நிற்கவைத்து, புதிய சுப்பவைசர் நான்தான் என்று அறிவித்தார்கள். ஜெராட் விசிலடித்தான். பத்மநாதன் அண்ணை கையுறையோடு கைதட்டினார். அது சத்தமே வராத தட்டல். பிறகு பக்கத்தில் வந்து, "தொப்பி உமக்குக் கொஞ்சம் பெரிசு போலை" என்றார். உண்மையில் பெரிதாகத்தான் இருந்தது.

நீலத் தொப்பியோடு எனக்குக் கொடுத்த முதல் வேலை கையுறைப் பயிற்சி. இன்டர்வியூவில் நான் சொன்னது மனேஜருக்குப் பிடித்துவிட்டது. சுவரில் ஒரு வசனம் ஒட்டினார்கள்: 'ஐ ஹாவ் லொஸ்ட் எ க்ளவ். ஸ்டொப் த லைன்.' பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து அதைச் சத்தமாக வாசித்து, என் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பத்மநாதன் அண்ணையின் முறை வந்தபோது ஜெராட் பின்னாலிருந்து கத்தினான்: "அண்ணை, அவுட் போடாதேங்கோ! போட்டால் பட்டி நிக்காது!" அவர் சுவரைப் பார்த்து, ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தார். வாசித்து முடித்து என்னைப் பார்த்து, "சரியோ, சேர்?" என்று கேட்டார். சரி என்று ஒரு கோடு போட்டேன்.

அதன் பிறகும் பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தார். கொப்பியை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. மே கடைசியில் எழுத்துக்கு அழைப்பிதழ் தந்தார், எனக்கும் பட்டியில் இருந்த எல்லோருக்கும். ஜெராட் அவருடைய மனைவி வழியில் ஏதோ சொந்தம். அவனைக் கூப்பிட்டு மற்றவர்களை விட முடியாது.

"ஒரே ஒரு உதவி தம்பி. அங்கை ஒருத்தரும் வேலைக் கதை கதைக்க வேண்டாம். ஜெராட்டுக்கும் நீர் சொல்லிவிடும். நான் சொன்னால் பகிடியாக்கிப்போடுவான். இப்ப நீர்தானே சுப்பவைசர், நீர் சொன்னால் கேப்பான்."

சொல்கிறேன் என்றேன். ஜெராட்டை அதற்குப் பிறகு ஒன்பது நாள் வேலையில் பார்த்தேன். சொல்லவில்லை.

எழுத்து ஹரோவில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். பத்மநாதன் அண்ணை சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து எல்லாம் முடிந்து, ரோல்சும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி குகநாதன் எங்கள் பக்கம் வந்தார். உயரமான மனிதர், மரியாதையான குரல்.

"நீங்கள் எல்லாம் சம்பந்திக்குக் கீழை வேலை செய்யிற ஆக்களோ?"

ஜெராட்டின் வாய் நிறைய மீன் ரோல்ஸ். அதை விழுங்கும்வரைகூட அவன் பொறுக்கவில்லை.

"ஆர், லூஸ் அவுட் அண்ணைக்குக் கீழையோ? அண்ணை இவருக்குக் கீழை. இவர்தான் எங்கடை சுப்பவைசர், கௌசிக். அண்ணை முட்டை."

"முட்டையோ?"

"முட்டை பூசிறவர். பாணுக்கு."

குகநாதன் என்னைப் பார்த்தார். இரண்டு சுப்பவைசர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் பகல் ஷிப்ட், நான் வேறு ஷிப்ட் என்று சொல்லியிருக்கலாம். ஜெராட்டே சிரித்துக்கொண்டு ஒத்துப்போயிருப்பான்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு" என்றேன்.

"இருபத்தாறு" என்று அவர் திருப்பிச் சொன்னார். அதை எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் கேக் தட்டோடு பத்மநாதன் அண்ணை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன் சம்பந்தி" என்றார் அவர்.

குகநாதன் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லை, பரவாயில்லை. லண்டனிலை ஆர்தான் உள்ளதைச் சொல்லுறான்?" என்று அவர் தோளில் தட்டினார். தட்டில் இருந்த கேக் துண்டொன்று சரிந்தது. பிறகு மேடைப் பக்கம் போய் அங்கிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்: "சுப்பவைசர், வாங்கோ, வந்து படத்துக்கு நில்லுங்கோ!"

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பத்மநாதன் அண்ணை தட்டை என் கையில் தந்துவிட்டு மேடைக்குப் போனார். கம்சிகா கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, பல்லைப் பிரிக்காமல் கேட்டது என் காதில் விழுந்தது: "அப்பா, வை வுட் யூ சே தட்?" ஏழெட்டுத் தரம் வெளிச்சம் அடித்தது.

கல்யாணம் குழம்பவில்லை. ஆவணியில் கோயிலில் தாலிகட்டலும் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. குகநாதன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று ஜெராட் வந்து சொன்னான். 'சுப்பவைசர் சம்பந்தி'யாம். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பிகளும் சுப்பவைசர் மாமா என்கிறார்களாம். ஜெராட் அதை அப்படியே சாப்பாட்டு அறைக்கும் கொண்டுவந்தான். முட்டை தீர்ந்துபோனால், "சுப்பவைசர், முட்டை!" என்று கத்துவார்கள். நீலத் தொப்பியோடு நான் பக்கத்தில் நிற்கும்போதே கத்துவார்கள். ஒரு தரமாவது நிறுத்தச் சொல்வது என் பொறுப்பில் இருந்தது.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் இல்லை. வேலைக்கும் வரவில்லை. அந்தக் கிழமை முடிவில் விலகல் மின்னஞ்சல் வந்தது, மகளின் ஆங்கிலத்தில், நான்கு வரி. ஃபாரஸ்ட் கேட்டில் தெரிந்தவர் ஒருவரின் மரக்கறிக் கடையில் நிற்கிறார் என்று கேள்வி. அது லண்டனின் மறுகோடி. சம்பந்திகள் சும்மா எட்டிப் பார்க்கும் தூரம் இல்லை.

ஒரு மாதம் யாரும் திறக்காத லொக்கரைப் பூட்டு வெட்டித் திறக்க வேண்டும். அது சுப்பவைசரின் வேலை. வெட்டினேன். உள்ளே ஒரு சோடிச் செருப்பு, தைலப் போத்தல், இறப்பர் வளையம் போட்ட சிவப்புக் கொப்பி.

அங்கேயே நின்று புரட்டினேன். எல்லாப் பக்கங்களிலும் வெட்டும் திருத்தமும், பாதி என் கையெழுத்தில். கோடு இழுத்த கையுறை வசனமும் இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்துக்குள் அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பஸ்ஸில் அவர் எனக்குக் காட்டாத பக்கம். ஏன் தெரிவாகவில்லை என்று அதில் மூன்று வரி: பாதுகாப்பு விடயங்களை ஆங்கிலத்தில் தெளிவாக அறிவிப்பதில் குறை இருக்கலாம், உதாரணமாக, ஒரு கையுறை தொலைந்துவிட்டால். கையுறை என்ற சொல்லின் கீழ் நகத்தால் கீறிய கோடு.

கொப்பியில் இடப்பக்கம் 'லூஸ் அவுட் டு.' வலப்பக்கம் 'இன்னாரிடம் பறிகொடு.' கீழே, வெட்டோ திருத்தமோ இல்லாமல், 'ஐ லொஸ்ட் அவுட் டு கௌசிக்.'

மேலே திகதி போட்டிருந்தார்: ஏப்ரல் இருபது, சனிக்கிழமை. 'டு' என்னத்துக்கு என்று அவர் என்னிடம் கேட்டது திங்கட்கிழமை, இருபத்திரண்டு.